உள்ளாட்சி டெண்டர்: உள்ளே இருக்கும் கணக்கு

ஊராட்சித் தெருவுக்கு பேவர் பிளாக் பதிப்பது, நகராட்சிப் பள்ளிக்குச் சுற்றுச்சுவர் எழுப்புவது, பேரூராட்சியின் மேல்நிலைத் தொட்டிக்கு மோட்டார் மாற்றுவது, மாநகராட்சியின் மழைநீர் வடிகாலைத் தூர் வாருவது என உள்ளாட்சி வேலைகளில் பெரும்பங்கு ஒப்பந்ததாரர்களின் கையால்தான் நடக்கிறது. தமிழ்நாட்டில் சுமார் 12,500 கிராம ஊராட்சிகள், 388 ஊராட்சி ஒன்றியங்கள், 25 மாநகராட்சிகள் இருக்கின்றன. இவற்றுக்கு நடுவே நூற்றுக்கணக்கில் நகராட்சிகளும் பேரூராட்சிகளும் உண்டு. அத்தனையும் ஆண்டு முழுவதும் எதையாவது கட்டவும் வாங்கவும் பழுதுபார்க்கவும் பணம் செலவழிக்கும் அமைப்புகள். ஆனாலும் இந்த வேலைகளைத் தேடிப் போகிறவர்களில் பலர் டெண்டர் என்பது 'ஆள் தெரிந்தவர்களுக்கு மட்டும்' என்று நினைத்து வாசலோடு திரும்பிவிடுகிறார்கள். அந்த நினைப்பில் உண்மையே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் டெண்டரில் தோற்பவர்களில் கணிசமானோர் ஆள் தெரியாததால் தோற்பதில்லை. காகிதம் சரியில்லாமல் தோற்கிறார்கள். அதைவிடப் பாவம், ஜெயித்துவிட்டு விலை போதாமல் நஷ்டப்படுகிறவர்கள்.

உள்ளாட்சி ஒப்பந்தங்கள் ஒரே வகை அல்ல. சாலை, வடிகால், சிறுபாலம், கட்டடம் போன்றவை கட்டுமானப் பணிகள். எல்இடி விளக்கு, பிளீச்சிங் பவுடர், குடிநீர்க் குழாய், அச்சடித்த ரசீதுப் புத்தகம் போன்றவை கொள்முதல். குப்பை அள்ளுவது, வாகனம் வாடகைக்கு விடுவது, தண்ணீர் லாரி ஓட்டுவது, தெருவிளக்குப் பராமரிப்பு போன்றவை சேவை ஒப்பந்தங்கள். நான்காவதாக, பணம் எதிர்த்திசையில் ஓடும் ஒரு வகையும் உண்டு. வாரச்சந்தை, பேருந்து நிலையக் கட்டணக் கழிப்பிடம், சைக்கிள் ஸ்டாண்டு, தினசரி மார்க்கெட் வசூல் ஆகியவற்றை ஏலத்திலோ டெண்டரிலோ குத்தகைக்கு விடுவது. அங்கே குறைந்த விலைக்கு இடமில்லை. அதிகம் தருகிறவருக்கே குத்தகை. புதிதாக வருகிறவர் பெரும்பாலும் கட்டுமானப் பணியையே நோக்கிப் போகிறார். பணம் அங்கேதான் அதிகம், போட்டியும் அங்கேதான் அதிகம்.

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் ஒளிவுமறைவின்மைச் சட்டம் 1998-இல் இயற்றப்பட்டது. அதற்கான விதிகள் 2000-இல் வந்தன. அரசுத் துறைகளுக்கும் அரசு நிறுவனங்களுக்கும் பொருந்துவது போலவே உள்ளாட்சிகளுக்கும் இந்தச் சட்டம் பொருந்தும். டெண்டர் எடுக்க விரும்புகிறவர் இதை ஒருமுறையாவது முழுதாகப் படித்துவிட வேண்டும். அதிகப் பக்கங்கள் இல்லை.

அதில் முக்கியமானவை சில. டெண்டர் கோரும் அதிகாரியும் அதை ஏற்கும் அதிகாரியும் யார் என்பது முன்கூட்டியே அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும். எந்த அளவுகோலால் மதிப்பிடுவோம் என்பதை டெண்டர் ஆவணத்திலேயே சொல்லிவிட வேண்டும். உறை பிரித்த பிறகு புது அளவுகோல் கொண்டுவர முடியாது. 2 கோடி ரூபாய் வரையிலான டெண்டருக்குக் குறைந்தது 15 நாட்களும் அதற்கு மேற்பட்டதற்கு 30 நாட்களும் அவகாசம் தர வேண்டும். அதைக் குறைப்பதானால் மேலதிகாரி ஒருவர் காரணத்தை எழுத்தில் பதிவுசெய்து அனுமதிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை விளம்பரம், புதன்கிழமை கடைசி நாள் என்று ஒரு டெண்டர் வந்தால் அந்தக் காரணத்தைக் கேட்கும் உரிமை யாருக்கும் உண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனுப் போட்டால் போதும்.

இயற்கைப் பேரிடர், ஒரே ஒருவரிடம் மட்டுமே கிடைக்கும் பொருள், சிறு தொகை வேலைகள் என்று சில விலக்குகளும் சட்டத்தில் இருக்கின்றன. வெள்ளக் காலத்தில் மோட்டார் பம்பு வாடகைக்கு எடுக்க யாரும் 15 நாள் காத்திருக்க முடியாது என்பது நியாயம்தான். அந்த நியாயத்தின் நிழலில் வேறு வேலைகளும் நுழைவது உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும்.

வேலை எங்கே பிறக்கிறது?

டெண்டர் விளம்பரம் வரும் இடங்கள் எல்லோருக்கும் தெரிந்தவைதான்: நாளிதழ்கள், மாநில, மாவட்ட டெண்டர் புல்லட்டின்கள், அலுவலக அறிவிப்புப் பலகை, தமிழ்நாடு அரசின் மின்னணு டெண்டர் தளம். தேசிய தகவலியல் மையம் உருவாக்கிய மென்பொருளில் ஓடும் இந்தத் தளத்தில் துறை, மாவட்டம், தொகை வாரியாகத் தேடலாம். தேடிப் பார்ப்பதற்குப் பதிவுகூட வேண்டாம். பழைய டெண்டர்களின் முடிவுகளும் அங்கேயே கிடைக்கின்றன. யார் யார் போட்டார்கள், என்ன விலை போட்டார்கள், யாருக்குப் போனது என்று பார்க்கலாம். ஒரு ஒன்றியத்தில் கடந்த ஒரு வருட முடிவுகளை வரிசையாக எடுத்து எழுதிப் பார்த்தால் அந்த ஊரின் போட்டி நிலவரம் கையில் வந்துவிடும். எல்லா வேலையும் எஸ்டிமேட்டுக்கு ஒட்டினாற்போல் போயிருந்தால் ஒரு கதை. 20 சதவீதம் கீழே போயிருந்தால் வேறு கதை.

ஆனால் விளம்பரம் என்பது வேலையின் கடைசிக் கட்டம். அதற்கு மாதக்கணக்கில் முன்பே வேலை பிறந்துவிடுகிறது. நிதி எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தவருக்கு எந்த வேலை எப்போது வரும் என்று ஓரளவு கணிக்க முடியும். மத்திய நிதிக்குழு மானியம், மாநில நிதிக்குழு மானியம், அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம், கலைஞர் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டம், நமக்கு நாமே திட்டம், ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் கொண்ட சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி, 5 கோடி ரூபாய் கொண்ட நாடாளுமன்ற உறுப்பினர் நிதி எனப் பல வாய்க்கால்கள். ஒவ்வொன்றிலும் முதலில் வேலைப் பட்டியல், பிறகு எஸ்டிமேட், நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, அதன் பிறகே டெண்டர். நகர்மன்றக் கூட்டத்தின் தீர்மானங்களைப் படிக்கிற பழக்கம் உள்ளவர் விளம்பரத்துக்காகக் காத்திருப்பதில்லை. மார்ச் மாதம் நிதியாண்டு முடிவதால் அதற்கு முந்தைய மாதங்களில் டெண்டர்கள் நெருக்கமாக வருவதும், தேர்தல் நடத்தை விதிகள் அமலுக்கு வந்தால் புது வேலைகள் அப்படியே நிற்பதும் இந்தத் தொழிலின் பருவநிலை.

யாரிடம் முடிவெடுக்கும் அதிகாரம் இருக்கிறது என்பதும் மாறக்கூடியது. 2019 டிசம்பர் தேர்தலில் வந்த ஊரக உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்தபோது அந்தத் தேர்தல் நடந்த மாவட்டங்களில் பொறுப்பு தனி அலுவலர்கள் கைக்குப் போனது. தலைவரைப் பார்த்தே பழகியவர்கள் அன்று முதல் வட்டார வளர்ச்சி அலுவலரின் (பி.டி.ஓ.) அலுவலகத்தைத் தேடிப் போக வேண்டியதாயிற்று.

காகிதங்கள்

கட்டுமானப் பணி எடுக்க முதலில் ஒப்பந்ததாரராகப் பதிவு வேண்டும். பொதுப்பணித் துறை, நெடுஞ்சாலைத் துறை, ஊரக வளர்ச்சி, நகராட்சி நிர்வாகம் ஆகியவை தனித்தனியே பதிவு செய்கின்றன. பதிவுக்கு வகுப்புகள் உண்டு; வகுப்புக்கு வகுப்பு எடுக்கக்கூடிய வேலையின் உச்சத் தொகை மாறும். புதியவர் கடைசி வகுப்பில் தொடங்கி, முடித்த வேலைகளின் சான்றோடு படிப்படியாக மேலே போகலாம். தொகை வரம்புகளை அரசாணைகள் அவ்வப்போது மாற்றுவதால் பதியும் அலுவலகத்திலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

பதிவுக்கும் டெண்டருக்கும் திரும்பத் திரும்பத் தேவைப்படுபவை: பான் எண், ஜி.எஸ்.டி. பதிவு, வருமான வரிக் கணக்கு, தாசில்தார் தரும் சொத்து மதிப்புச் சான்று, முன்னர் முடித்த வேலைகளுக்குப் பொறியாளர் தந்த அனுபவச் சான்று, சொந்தமாகவோ வாடகைக்கோ இருக்கும் இயந்திரங்களின் பட்டியல், பணியில் வைத்திருக்கும் பொறியாளரின் சான்றிதழ். இதில் 'சால்வன்சி' என்று எல்லோரும் சொல்லும் சொத்து மதிப்புச் சான்றுதான் அதிகம் பேரைக் கவிழ்க்கிறது. அதற்குக் காலாவதி தேதி உண்டு. டெண்டர் நாளுக்கு முந்தின வாரம் முடிந்துபோன சான்றை இணைத்து வெளியேற்றப்பட்டவர்கள் எல்லா மாவட்டத்திலும் இருக்கிறார்கள்.

இன்னொரு தடை உறவு சார்ந்தது. உள்ளாட்சியின் ஒப்பந்தத்தில் பங்கு உள்ளவர் அதே உள்ளாட்சியில் உறுப்பினராக இருக்கச் சட்டம் தகுதிநீக்கம் விதிக்கிறது. கவுன்சிலர் தன் பெயரில் எடுக்காமல் மைத்துனர் பெயரில் எடுப்பது ஊரறிந்த தந்திரம்; ஊரறிந்த தந்திரம் என்பதாலேயே வழக்குக்கு எளிதில் சிக்குவதும் அதுதான்.

சிறு, குறு தொழில் பதிவு இருந்தால் தாங்களே தயாரிக்கும் பொருள்களின் கொள்முதலில், டெண்டரோடு கட்டும் முன்வைப்புத் தொகைக்கு விலக்கு கிடைக்கும். அதைக் காட்டிச் சாலை டெண்டரில் விலக்கு கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது. கட்டுமானம் தயாரிப்பு ஆகாது என்பதே அலுவலகங்களின் நிலை.

எஸ்டிமேட்டைப் படிக்கும் கலை

டெண்டரின் உயிர் விலையில் இருக்கிறது. விலையின் உயிர் எஸ்டிமேட்டில் இருக்கிறது. பொதுப்பணித் துறை ஆண்டுதோறும் வெளியிடும் விலை விகிதப் பட்டியலை வைத்தே உதவிப் பொறியாளர் எஸ்டிமேட் போடுகிறார். ஒரு கன மீட்டர் கான்கிரீட்டுக்கு இவ்வளவு சிமென்ட், இவ்வளவு ஜல்லி, இத்தனை ஆள் என்று அதில் கணக்கு இருக்கும். ஒப்பந்ததாரர் இந்தத் தொகைக்கு மேலாகவோ கீழாகவோ ஒரு சதவீதம் போடுகிறார், அல்லது ஒவ்வொரு இனத்துக்கும் தனித்தனி விலை போடுகிறார். 'எட்டு லெஸ்', 'மூணு எக்ஸஸ்' என்று பேசிக்கொள்வது இந்தச் சதவீதத்தைத்தான்.

எஸ்டிமேட்டில் முதலில் பார்க்க வேண்டியது 'லீடு'. குவாரியிலிருந்து வேலை நடக்கும் இடம் வரை ஜல்லியும் எம்-சாண்டும் வரும் தூரத்துக்கான கூலி அது. கணக்கில் 15 கிலோமீட்டர் என்று இருந்து, அந்தக் குவாரி மூடிக் கிடந்து, 40 கிலோமீட்டரிலிருந்து கொண்டுவர வேண்டியிருந்தால் லாபம் லாரி டீசலிலேயே போய்விடும். எனவே விலை போடுவதற்கு முன் வேலை நடக்கும் இடத்துக்குக் கட்டாயம் போக வேண்டும். தெருவுக்குள் ஜேசிபி நுழையுமா? மிக்ஸர் எங்கே நிற்கும்? கட்டுமானத்துக்குத் தண்ணீர் யார் தருவார்கள்? வடிகால் போகும் வழியில் மின்கம்பம் இருக்கிறதா, வீட்டுப் படிக்கட்டுகள் நீட்டிக்கொண்டிருக்கின்றனவா? பழைய தார்ச்சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டே புதுச்சாலை போட வேண்டும், வீடுகள் பள்ளமாகக் கூடாது என்று 2021-இல் அன்றைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு அறிவுறுத்தினார். அந்தச் சுரண்டும் வேலைக்கு எஸ்டிமேட்டில் காசு இருக்கிறதா என்பதை வேலை எடுத்த பிறகு பார்ப்பதில் பயன் இல்லை.

கணக்குக்காக ஒரு வேலையை எடுத்துக்கொள்ளலாம். வரி சேராமல் 10 லட்சம் ரூபாய் எஸ்டிமேட் உள்ள பேவர் பிளாக் தெரு. ஒருவர் 8 சதவீதம் கீழே போட்டு 9,20,000 ரூபாய்க்கு எடுக்கிறார். இதற்கு மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 1,65,600 ரூபாய். உள்ளாட்சிப் பணிகளுக்கு 12 சதவீதமாக இருந்த இந்த வரி 2022 ஜூலை 18 முதல் 18 ஆனது. ஆக மொத்தப் பில் 10,85,600 ரூபாய். இதில் வருமான வரிப் பிடித்தம், தனிநபர் என்றால் 1 சதவீதம், 9,200. ஜி.எஸ்.டி. பிடித்தம் 2 சதவீதம், 18,400. கட்டுமானத் தொழிலாளர் நல வரி 1 சதவீதம், 9,200. பராமரிப்புக் காலத்துக்கான நிறுத்திவைப்பு 5 சதவீதம் என்றால் 46,000. கையில் வருவது 10,02,800 ரூபாய். அதில் சிமென்ட், பிளாக் வாங்கியபோது கட்டிய வரியைக் கழித்துக்கொண்டு மீதி ஜி.எஸ்.டி.யையும் கட்ட வேண்டும்.

வருமான வரிப் பிடித்தமும் ஜி.எஸ்.டி. பிடித்தமும் பிறகு கணக்கில் வந்துவிடும். நல வரி திரும்பாது. ஆனால் வலிப்பது வேறு. ஒப்பந்தம் போடும்போது 2 சதவீதப் பாதுகாப்பு வைப்பு, 18,400. எஸ்டிமேட்டுக்கு 5 சதவீதத்துக்கு மேல் கீழே போனால் கூடுதல் வைப்பாக 2 சதவீதம் கேட்பது வழக்கம், அது 20,000. நிறுத்திவைப்பு 46,000. ஆக 84,400 ரூபாய் அலுவலகத்தில் மாட்டிக்கிடக்கும். இந்த வேலையில் 10 சதவீத லாபம் வந்தால் அது 92,000 ரூபாய். வந்த லாபம் ஏறக்குறைய முழுவதும் மாதக்கணக்கில் கைக்கு எட்டாமல் நிற்கிறது என்று அர்த்தம். வட்டிக்கு வாங்கி வேலை செய்கிறவர்கள் எட்டு லெஸ் போடுவதற்கு முன் இந்தக் கணக்கைப் போடுவதில்லை. 15 சதவீதத்துக்கும் கீழே போகிறவர்களிடம் வித்தியாசத் தொகையில் பாதியைக் கூடுதல் வைப்பாகக் கேட்கும் நிபந்தனையும் உண்டு. அப்படியும் 25, 30 என்று கீழே போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த வேலை எப்படி முடியும் என்பது முதல் மழையில் தெரிந்துவிடும்.

உறையும் திறப்பும்

டெண்டர் போட மூன்றாம் வகுப்பு மின்னணுக் கையொப்பம் வேண்டும். 2021 முதல் இரண்டாம் வகுப்புக் கையொப்பங்கள் வழங்கப்படுவதில்லை. அது ஒரு சிறிய யுஎஸ்பி டோக்கனில் வரும். டோக்கனையும் பாஸ்வேர்டையும் கணினி மையக்காரரிடமே கொடுத்து வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். கையெழுத்துப் போட்ட வெற்றுக் காசோலையைக் கொடுத்து வைப்பதும் இதுவும் ஒன்றே. போட்டியாளரும் அதே மையத்துக்குத்தான் வருகிறார்.

சற்றுப் பெரிய வேலைகளில் இரட்டை உறை முறை. முதல் உறையில் தகுதிக் காகிதங்கள், இரண்டாவதில் விலை. முதலாவதில் தேறியவரின் விலை மட்டுமே திறக்கப்படும். விலைக்கான எக்செல் கோப்பைத் தளத்திலிருந்தே இறக்கி, குறித்த கட்டங்களை மட்டும் நிரப்பி, பெயரை மாற்றாமல் அப்படியே ஏற்ற வேண்டும். எல்லாவற்றையும் ஏற்றிவிட்டுக் கடைசியில் 'ஃப்ரீஸ்' பொத்தானை அழுத்தாமல் எழுந்து போனால் டெண்டர் போட்டதாகவே ஆகாது. கடைசி நேரம் வரை திருத்தி மறுபடி ஏற்றலாம்; ஆனால் விலக்கிக்கொண்டால் அதே டெண்டரில் மீண்டும் நுழைய முடியாது. தளத்தின் கடிகாரமே இறுதியானது. கடைசி ஒரு மணி நேரத்தில் ஏற்ற உட்காருகிறவர் இன்டர்நெட்டைக் குறை சொல்லக் கூடாது.

முன்வைப்புத் தொகை வேலை மதிப்பில் 1 சதவீதத்துக்கு மேல் கேட்கக் கூடாது என்பது விதி. திறக்கும் நாளில் போட்டவர்கள் நேரில் இருக்கலாம், இருப்பது நல்லது. தகுதியுள்ளவர்களில் குறைந்த விலை போட்டவருக்கே வேலை. அந்த விலையும் சந்தை நிலவரத்தைவிட அதிகம் என்று தோன்றினால் குறைக்கச் சொல்லி அவரோடு மட்டுமே பேசலாம். இரண்டாவதாக வந்தவரைக் கூப்பிட்டுப் பேரம் பேச முடியாது.

முடிவு தவறு என்று நினைப்பவர் உத்தரவு கிடைத்த 10 நாட்களுக்குள் சட்டத்தின் 11-ஆம் பிரிவின்படி அரசிடம் மேல்முறையீடு செய்யலாம். நீதிமன்றத்துக்கும் போகலாம். ஆனால் 1994-இல் டாடா செல்லுலார் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறி இன்றும் நிற்கிறது: முடிவெடுத்த முறை சரியா என்று நீதிமன்றம் பார்க்கும், முடிவையே தன் கையில் எடுத்துக்கொள்ளாது. 'என் விலை குறைவு' என்பதைவிட 'ஆவணத்தில் இல்லாத காரணம் சொல்லி என்னைத் தள்ளினார்கள்' என்பதே நிற்கக்கூடிய வழக்கு.

கூட்டு

ஊரில் நான்கு ஒப்பந்ததாரர்கள் டீக்கடையில் உட்கார்ந்து இந்த வேலை உனக்கு, அடுத்தது எனக்கு என்று பிரித்துக்கொண்டு, பெயருக்கு இரண்டு பேர் அதிக விலை போடுவதற்குப் பெயர் 'ரிங்'. பலர் இதைத் தொழில் நாகரிகமாகவே நினைக்கிறார்கள். 2002-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு இதைக் கூட்டுச்சதி ஏலம் என்று தடை செய்கிறது. அபராதம் லாபத்தின் மூன்று மடங்கு வரை போகலாம். விலைகள் மின்னணுத் தளத்தில் பூட்டியே கிடப்பதாலும், யார் போட்டார்கள் என்பது திறக்கும்வரை தெரியாததாலும் வெளியூர்க்காரர் நுழைந்து ரிங்கை உடைப்பது முன்பைவிட எளிது. ஆனால் டெண்டருக்குப் பிறகு அதே ஊரில்தான் வேலை செய்ய வேண்டும் என்பதை எந்த மென்பொருளாலும் மாற்ற முடியவில்லை. கமிஷன் கேட்பவர்கள் டெண்டர் நாளைவிடப் பில் நாளில்தான் அதிகம் தட்டுப்படுகிறார்கள். லஞ்ச ஒழிப்புத் துறையிடம் புகார் செய்யும் ஒப்பந்ததாரர்கள் குறைவு என்றாலும் இல்லாமல் இல்லை.

எம்.புக்

வேலை உத்தரவு கையில் வந்ததும் ஒப்பந்தக் காலம் ஓடத் தொடங்கிவிடும். இதற்குப் பிறகு எல்லாவற்றையும் தீர்மானிப்பது ஒரு புத்தகம்: 'எம்.புக்' எனப்படும் அளவுப் புத்தகம். உதவிப் பொறியாளர் டேப் பிடித்து அளந்து நீளம், அகலம், கனம் என்று அதில் எழுதுவதற்குத்தான் காசு. எழுதாததற்கு இல்லை. மேலதிகாரி சரிபார்ப்பு அளவு எடுப்பார். அஸ்திவாரமும் கம்பியும் கான்கிரீட்டுக்குள் மறைந்த பிறகு அளக்க முடியாது. எனவே மூடுவதற்கு முன் அளவு எழுதப்பட்டதா என்று ஒப்பந்ததாரர்தான் பின்னால் போக வேண்டும். போட்டோ எடுத்து வைப்பதும், கான்கிரீட் கியூப் எடுத்து 7-ஆம் நாளும் 28-ஆம் நாளும் சோதித்த சீட்டை வைத்திருப்பதும் பின்னால் தணிக்கை வரும்போது காப்பாற்றும்.

எஸ்டிமேட்டில் இல்லாத கூடுதல் வேலையை வாய்மொழியில் யார் சொன்னாலும் செய்யக் கூடாது. 'அந்த முனை வரைக்கும் இழுத்து விட்டுடுங்க, பில்லுல பார்த்துக்கலாம்' என்று சொன்னவர் பில் போடும்போது வேறு ஊருக்கு மாறுதலாகிப் போயிருப்பார்.

பில் பாஸ் ஆனாலும் அந்தத் திட்டத்தின் நிதி வந்திருந்தால்தான் பணம் கிடைக்கும். பொருளோ சேவையோ தந்த சிறு, குறு நிறுவனமாக இருந்தால் 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு வட்டி என்று 2006-ஆம் ஆண்டு சிறு தொழில் மேம்பாட்டுச் சட்டம் சொல்கிறது. அடுத்த டெண்டரையும் அதே அலுவலகத்தில்தான் போட வேண்டும் என்பதால் அந்த வட்டியை உள்ளாட்சியிடம் கேட்கிறவர் அரிது.

கடைசி பில் வாங்கியதும் பலர் கோப்பைக் கட்டி வைத்துவிடுகிறார்கள். நிறுத்திவைத்த பணம் பராமரிப்புக் காலம் முடிந்தபின்தான் வரும், அதுவும் தானாக வராது. காலம் முடிந்த தேதியைக் குறித்து வைத்து, வேலை பழுதின்றி இருக்கிறது என்று பொறியாளரிடம் சான்று வாங்கி, மனுவோடு கொடுத்துக் கேட்டு வாங்க வேண்டும்.